ஓகே சொன்ன பிறகு யார் பொறுப்பு?



ஒரு கேள்வியோடு ஆரம்பிக்கிறேன். நீங்கள் ஓர் அச்சகம் நடத்துகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். வாடிக்கையாளர் அழைப்பிதழ் அடிக்க வருகிறார். வாசகத்தையும் அவரே தருகிறார். நீங்கள் பக்கம் கட்டி, ‘நல்லாப் பார்த்துச் சொல்லுங்க’ என்று அனுப்புகிறீர்கள். அவர் ‘ஓகே’ என்கிறார். அடித்துக் கொடுத்தாயிற்று. அப்புறம் பார்த்தால் உள்ளே ஒரு தப்பு. யார் பொறுப்பு?

‘ஓகே சொன்னவர்தான், இதில் என்ன சந்தேகம்?’ என்று நம்மில் பலர் உடனே சொல்லிவிடுவோம். நானும் சில வருடம் முன்பு வரை அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது அவ்வளவு வேகமாகச் சொல்ல முடியவில்லை. ஏன் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எங்கள் அச்சகம் ஜோர்ஜ்டவுனில், லெபோ பினாங்குக்குப் பக்கத்துச் சந்து ஒன்றில் இருக்கிறது. தைப்பூசத்துக்கு வெள்ளி ரதம் புறப்படுகிற கோயில் வீடு எங்களுக்கு நடக்கிற தூரம். அப்பா ஈய எழுத்தைக் கையால் கோத்த காலத்தில் தொழில் பழகியவர். நான் கணினி வேலை. அம்மா மடிப்பது, ஒட்டுவது, கணக்கு. மூன்று பேர்தான் மொத்த ஆள். கல்யாணப் பத்திரிகை, கோயில் திருவிழா நோட்டீஸ், பில் புத்தகம், பேனர், கருமக்கிரியைக் கார்டு என்று எது வந்தாலும் செய்வோம்.

எங்கள் பில் புத்தகத்தின் அடியில் சின்ன எழுத்தில் ஒரு வரி இருக்கும்: வாடிக்கையாளர் சரிபார்த்து ஒப்புதல் தந்த பிறகு காணப்படும் பிழைகளுக்கு அச்சகம் பொறுப்பேற்காது. இந்த வரி சும்மா வரவில்லை. நான் பள்ளிக்கூடத்தில் படித்த காலத்தில் ஒரு வியாபாரி 500 காலண்டர் அடிக்கக் கொடுத்தார். புரூஃபில் கையெழுத்தும் போட்டார். எல்லாம் முடிந்து எடுத்துப் போன பிறகு கடையை வேறு தெருவுக்கு மாற்றிவிட்டு, ‘முகவரி தப்பா இருக்கு, திரும்ப அடிச்சுக் குடுங்க’ என்று வந்து நின்றார். அப்பா சண்டை போடத் தெரியாத மனிதர். இலவசமாக அடித்துக் கொடுத்தார். அந்த வருடம் தீபாவளிக்கு எங்கள் வீட்டில் யாருக்கும் புதுத்துணி இல்லை. அதற்குப் பிறகுதான் அந்த வரி வந்தது. ஆகவே, அந்த வரியை நான் கேவலமாகப் பேச மாட்டேன். சின்னத் தொழிலுக்கு அது ஒரு கதவு. பூட்டாமல் விட்டால் யார் வேண்டுமானாலும் உள்ளே வந்து எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொண்டு போவார்கள்.

ஆனால் ஒரு நாள் அந்தக் கதவுக்குப் பின்னால் நானே போய் ஒளிந்துகொண்டேன்.

தைப்பூசத்துக்கு இரண்டு வாரம் இருக்கும். தண்ணீர்ப் பந்தல் பேனர்கள் குவிந்து கிடந்தன. அந்தச் சமயத்தில் என் வயதுப் பெண் ஒருவர் வந்தார். பாட்டிக்கு முதலாமாண்டுத் திதி. முகப்பில் பாட்டியின் படம், உள்ளே வாசகம், பின்பக்கம் ஒரு தேவாரப் பதிகம். 300 கார்டு, 450 வெள்ளி, முன்பணம் 250. வாசகத்தை அவருடைய மாமா வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பியிருந்தார். அதை அப்படியே எனக்குத் தட்டிவிட்டார்.

அன்று இரவு பத்து மணிக்கு மேல் பக்கம் கட்டிக்கொண்டிருந்தபோது என் கண்ணில் பட்டது: 14ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை. அந்த 14ஆம் தேதி சனிக்கிழமை. எனக்கு நன்றாகத் தெரியும், ஏனென்றால் அன்றைக்குத்தான் என் நண்பனுக்கு நிச்சயதார்த்தம். திதி என்பது நாள் பார்த்து வருவது, எந்தக் கிழமையிலும் வரலாம். ஆனால் நம் ஊரில் விசேஷம் என்றாலே ஞாயிறு என்று கை தானாக எழுதிவிடுகிறது.

‘காலையில கேட்டுக்கலாம்’ என்று நினைத்தேன். பாட்டியின் படத்தில் இருந்த கோடுகளைச் சுத்தம் செய்து, பிடிஎஃப் ஆக்கி அனுப்பினேன். ‘பேரு, தேதி எல்லாம் நல்லாப் பார்த்துச் சொல்லுங்க’ என்று வழக்கமான வரியையும் சேர்த்தேன். ஐந்து நிமிடத்தில் பதில் வந்தது. ‘ஓகே அண்ணா, அடிச்சிருங்க.’ பக்கத்தில் ஒரு கட்டைவிரல்.

அந்தக் கட்டைவிரலைப் பார்த்ததும் என் சந்தேகம் காணாமல் போய்விட்டது. ‘அவங்க வீட்டுத் திதி, அவங்களுக்குத் தெரியாததா?’ என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மறுநாள் பிளேட் போட்டு, மத்தியானத்துக்குள் 300 கார்டும் அடித்தாயிற்று.

திதி முடிந்த அடுத்த வாரம் அவர் மிச்சப் பணம் கட்ட வந்தார். முகம் வாடியிருந்தது.

“அண்ணா, கார்டுல கிழமை தப்பாப் போயிடுச்சு. உங்க மேல தப்பு இல்ல. நான்தான் ஓகே சொன்னேன். எனக்குத் தமிழ் பேசத்தான் தெரியும், படிக்கத் தெரியாதுண்ணா. பாட்டி போட்டோ நல்லா வந்திருக்கான்னு மட்டும்தான் பார்த்தேன்.”

சொந்தக்காரர்களுக்குப் போனில் பேசித் தேதி தெரிந்திருந்தது. ஆனால் நிபோங் திபால் பக்கமிருந்து ஒரு பாட்டி கார்டை மட்டும் நம்பி ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்திருக்கிறார். இறந்துபோனவரும் அவரும் ஒரே தோட்டத்தில் ஒன்றாக மரம் வெட்டியவர்கள். மகன் வேலையை விட்டுவிட்டு காரோட்டி வந்திருக்கிறார். தோழிக்குப் பிடிக்குமே என்று படையலுக்கு அதிரசம் சுட்டு எடுத்து வந்திருக்கிறார். வந்து பார்த்தால் வீட்டுக் கேட் பூட்டியிருக்கிறது. திதி முதல் நாளே முடிந்துவிட்டது.

நான் 200 வெள்ளியை வாங்கிக்கொண்டேன். “பரவாயில்லம்மா” என்று வேறு சொன்னேன். அந்த ‘பரவாயில்ல’யை இன்றைக்கு நினைத்தாலும் உடம்பு கூசுகிறது. தப்புக்கு நான் அவரை மன்னிக்கிறேனாம்!

சாயங்காலம் அப்பாவிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் மெஷினைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

“நீ பார்த்தியா, பார்க்கலையா?”

“அவங்க ஓகே சொல்லிட்டாங்கப்பா. மெசேஜ் கூட இருக்கு.”

“நான் அதக் கேக்கல. கிழமை தப்புன்னு நீ பார்த்தியா?”

“...பார்த்தேன்.”

அப்பா வேறு எதுவும் கேட்கவில்லை. துணியை மடித்து வைத்துவிட்டு விளக்கை அணைத்தார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

நண்பர்களே, அந்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. ஒப்புதல் என்றால் என்ன என்று யோசித்துப் பார்த்தேன். வாடிக்கையாளருக்கு மட்டுமே தெரிந்த விஷயங்கள் சில உண்டு. போன் நம்பர், வீட்டு முகவரி, யார் பெயர் முதலில் வர வேண்டும், எந்த நிறம் பிடிக்கும். இவற்றுக்கு அவர் ‘ஓகே’ சொன்னால் அது உண்மையான ஓகே. ஆனால் தொழில் செய்கிறவனுக்குத் தெரிய வேண்டிய விஷயங்களும் உண்டு. எங்கே றகரம், எங்கே ரகரம், தேதியும் கிழமையும் பொருந்துகிறதா என்பதெல்லாம் அந்தக் கணக்கு. இவற்றுக்கும் அவரிடமே ஓகே வாங்கி வைத்துக்கொண்டு கையைக் கழுவினால், நம் வேலையை அவர் தலையில் கட்டுகிறோம் என்று அர்த்தம்.

அதிலும் தமிழ் அச்சில் ஒரு சங்கடம் இருக்கிறது. கைப்பேசியில் அழகாகத் தெரிகிற தமிழ், வடிவமைப்பு மென்பொருளுக்குள் போனால் சில சமயம் உடைந்துவிடும். ‘கொ’ என்ற எழுத்தில் முன்னால் நிற்க வேண்டிய கொம்பு பின்னால் போய் நிற்கும். புள்ளி ஓரிடம், எழுத்து ஓரிடம் என்று பிரிந்து கிடக்கும். தமிழ் படிக்கத் தெரிந்தவன் ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிடுவான். படிக்கத் தெரியாதவருக்கு இரண்டும் ஒரே மாதிரியான கோலம்தான். நம்மில் எத்தனையோ பேர் தேசியப் பள்ளியில் படித்தவர்கள். வீட்டில் தமிழ் பேசுவோம், எழுத்து தெரியாது. இதில் யாரையும் குறை சொல்ல நான் வரவில்லை. ஆனால் அப்படி ஒருவர் தமிழ்ப் பக்கத்துக்கு ‘ஓகே’ சொல்லும்போது, ‘நான் படித்துவிட்டேன்’ என்று சொல்லவில்லை. ‘உங்களை நம்புறேன்’ என்றுதான் சொல்கிறார். என்னை நம்பி அவர் சொன்ன வார்த்தையையே அவருக்கு எதிரான சாட்சியாக நான் எடுத்து வைத்துக்கொண்டேன்.

இன்னொன்றும் உறைத்தது. ஒப்புதல் எனக்கும் அவருக்கும் இடையில் நடந்தது. காசு யார் தருவது என்பதை வேண்டுமானால் அது தீர்க்கும். ஆனால் ஞாயிற்றுக்கிழமை பூட்டிய கேட்டுக்கு முன்னால் அதிரசத்தோடு நின்றவர் யார்? அவர் எந்தப் புரூஃபையும் பார்க்கவில்லை. எதற்கும் ஓகே சொல்லவில்லை. எங்கள் பில்லின் அடியில் இருக்கும் வரி அவரோடு பேசவே இல்லை. அச்சில் வருவது எல்லாமே கடைசியில் ஒரு மூன்றாவது ஆளுக்காகத்தான். தப்பின் பாரம் பெரும்பாலும் அந்த ஆள் தலையில்தான் விழுகிறது.

நம் நாட்டில் நடந்த ஒன்றை நினைத்துப் பாருங்கள். 2017 ஆகஸ்ட்டில் கோலாலம்பூரில் சீ விளையாட்டுப் போட்டி நடந்தது. தொடக்க விழாவில் விருந்தினர்களுக்குக் கொடுத்த நினைவுப் புத்தகத்தில் இந்தோனேசியக் கொடி தலைகீழாக அச்சாகியிருந்தது. மேலே சிவப்பு, கீழே வெள்ளை என்று இருக்க வேண்டியது மாறிப்போய், போலந்து நாட்டுக் கொடியாகிவிட்டது. அந்தப் பக்கமும் அச்சுக்குப் போகுமுன் யாரோ ஒருவர் மேசையில் இருந்திருக்கும். யாரோ சரி என்று தலையாட்டியிருப்பார். ஆனால் அந்தத் தலையாட்டல் இந்தோனேசியர்களுக்கு என்ன ஆறுதல்? தங்கள் கொடி கவிழ்ந்து கிடப்பதைப் பார்த்து அந்த நாடே கொதித்தது. அப்போதைய இளைஞர் விளையாட்டுத் துறை அமைச்சர் கைரி ஜமாலுதீன் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார். இந்தோனேசிய அமைச்சரை நேரில் சந்தித்தும் கேட்டார். அந்தக் கொடியை அவர் வரையவில்லை, அச்சடிக்கவும் இல்லை. ஆனால் விருந்துக்கு அழைத்த வீட்டின் சார்பில் யாராவது முன்னால் வந்து நிற்க வேண்டுமே!

அதற்காக, பிழை விட்டவனெல்லாம் பாவி என்று நான் சொல்லவில்லை. மனிதக் கண் இருக்கும் வரை அச்சுப் பிழையும் இருக்கும். 2018 அக்டோபரில் ஆஸ்திரேலியா புதிய 50 டாலர் நோட்டை வெளியிட்டது. அந்த நாட்டில் நாடாளுமன்றம் ஒன்றுக்குத் தேர்வான முதல் பெண்மணி எடித் கோவன். அவருடைய கன்னிப் பேச்சின் வரிகள் பொடி எழுத்தில் அந்த நோட்டில் உண்டு. அதில் ஒரு சொல்லில் ஓர் எழுத்து விட்டுப்போனது. 4 கோடியே 60 லட்சம் நோட்டுகள் அச்சாகி, ஏழு மாதம் கழித்து, 2019 மே மாதத்தில்தான் விஷயம் ஊருக்குத் தெரிந்தது. ஒரு நாட்டின் மத்திய வங்கிக்கு இல்லாத சரிபார்ப்பா? இருந்தும் தப்பியது. எந்தச் சொல் தெரியுமா? பொறுப்பு என்று பொருள்படும் ‘ரெஸ்பான்சிபிலிட்டி’தான்! வங்கி, தப்பு நடந்தது என்று ஒத்துக்கொண்டது. அடுத்த அச்சில் சரிசெய்வோம் என்றது.

பார்க்காமல் விட்டுப்போனது பிழை. அதை ஒத்துக்கொண்டு திருத்திவிட்டால் முடிந்தது. பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டிருந்ததை எந்தக் கணக்கில் வைப்பது? என்னை உறுத்தியது இரண்டாவது. மாமா எழுதியது பிழை. அந்தப் பெண் கவனிக்காதது பிழை. மூன்று பேரில் தெரிந்திருந்தும் சொல்லாதவன் நான் ஒருவன்தான். அந்த மூவரில் காசும் வாங்கி, நல்ல பெயரும் வாங்கி வீட்டுக்குப் போனவனும் நான்தான்.

பெரிய புராணத்தில் அமர்நீதி நாயனார் கதை நம்மில் பலருக்கும் தெரியும். சேக்கிழார் பாடியதை எளிய உரைநடையாக 1852இல் அச்சேற்றியவர் யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர். அவர் பதிப்பு என்றாலே பிழையில்லாத பதிப்பு என்று பேர் வாங்கியவர். அச்சுத் தொழில் செய்கிறவர்கள் கும்பிட வேண்டிய மனிதர். நாயனார் கதைக்கு வருகிறேன்.

அமர்நீதியார் பழையாறையில் துணி, பொன், மணி விற்ற வணிகர். சிவபெருமான் பிரம்மச்சாரி வேடத்தில் வந்து ஒரு கோவணத்தை அவரிடம் பாதுகாக்கக் கொடுத்துவிட்டு ஆற்றுக்குக் குளிக்கப் போகிறார். திரும்பி வந்து கேட்டால் வைத்த இடத்தில் கோவணம் இல்லை. நாயனார் புதுசு ஒன்றைத் தருகிறார். ‘இது வேண்டாம், என்னுடையதற்குச் சமமான எடை கொடு’ என்று மாற்றுக் கோவணத்தைத் தராசில் வைக்கிறார் வந்தவர். துணி மூட்டைகளை வைத்தாலும், பொன்னும் மணியும் வைத்தாலும் தட்டு சமமாகவில்லை. கடைசியில் மனைவியோடும் மகனோடும் தானே தராசில் ஏறுகிறார்.

சின்ன வயதில் இதைக் கேட்டபோது, ஒரு கோவணத்துக்கு இவ்வளவா என்று சிரித்திருக்கிறேன். இப்போது வேறு மாதிரி தெரிகிறது. நாயனார் ஒரு வார்த்தையில் தப்பித்திருக்கலாம். ‘சாமி, வச்சுட்டுப் போனது நீங்க. உடைமைகளுக்கு நிர்வாகம் பொறுப்பில்ல’ என்று இப்போது கார் நிறுத்துமிடத்தில் எழுதி வைத்திருக்கிறார்களே, அந்த மாதிரி ஒரு பலகையைக் காட்டியிருக்கலாம். அவர் அதைச் செய்யவில்லை. நம்பிக் கொடுத்த பொருளுக்குப் பதில் அதே மாதிரி இன்னொரு பொருள் கொடுத்தால் சரியாகிவிடாது என்பது அந்தத் தராசு சொல்லும் பாடம். நானும் யோசித்தேன். 300 கார்டையும் சரியான கிழமையோடு திரும்ப அடித்துக் கொடுக்கிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை வைத்து அந்தப் பெண் என்ன செய்வார்? போன சனிக்கிழமை திரும்பி வருமா? காகிதத்தின் எடை வேறு, கை தவறிப் போனதின் எடை வேறு.

மறுநாள் அந்தப் பெண்ணுக்குப் போன் செய்தேன். பேசுவதற்கு முன் மூன்று தடவை எண்ணை அழுத்தி, அழுத்தி வைத்தேன். ஏனென்றால் நான் சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியப் போவதில்லை. அவரே பழியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். கடைக்கும் கெட்ட பெயர் இல்லை.

“நான் அன்னைக்கே பார்த்தேன்மா. கேக்கணும்னு நினைச்சேன். நீங்க ஓகே சொன்னதும் விட்டுட்டேன்” என்று சொன்னேன்.

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. “அப்போ நீங்க பார்த்தீங்களாண்ணா?” என்றார். அப்பா கேட்ட அதே கேள்வி. “பார்த்துட்டு ஏன் சொல்லல?” என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

200 வெள்ளியைத் திருப்பிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார். நிபோங் திபால் பாட்டியின் வீட்டை விசாரித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவும் நானும் பாலத்தைக் கடந்து போனோம். பாட்டி எங்களை உட்காரவைத்து, பசியாறினீர்களா என்று கேட்டுத் தேத்தண்ணி கொடுத்தார். நான் விஷயத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்டபோது அவருக்கு முதலில் புரியவே இல்லை. கார்டு அடித்தவன் எதற்கு இவ்வளவு தூரம் வந்தான் என்று மகனைப் பார்த்தார். பிறகு உள்ளே போய், சாமி மேடையில் வைத்திருந்த கார்டை எடுத்து வந்தார்.

“அவ கூட எடுத்த போட்டோ எதுவும் எங்கிட்ட இல்லப்பா. இதுதான் இருக்கு. நாள் தப்பாப் போனாப் போகுது, மூஞ்சி சரியா இருக்குல்ல” என்றார்.

என் தப்பான கார்டு அந்த வீட்டில் சாமியோடு இருக்கிறது. அதை நினைத்தால் இன்னும் என்னவோ செய்கிறது.

அதற்குப் பிறகு கடையில் சில பழக்கங்களை மாற்றினோம். பில்லின் அடியில் இருக்கும் வரியை எடுக்கவில்லை. எடுத்தால் பழைய காலண்டர் கதை திரும்ப வரும். ஆனால் அந்த வரி எங்கே செல்லும், எங்கே செல்லாது என்று எங்களுக்குள் ஒரு நியாயம் வைத்துக்கொண்டோம். நாங்கள் தட்டச்சு செய்ததில் வந்த பிழை என்றால், ஆயிரம் ஓகே வாங்கியிருந்தாலும் திரும்ப அடிப்பது எங்கள் செலவு. வாடிக்கையாளர் தந்த வாசகத்தில் எங்களால் தெரிந்திருக்கவே முடியாத தப்பு, உதாரணத்துக்குப் போன் நம்பர் என்றால், காகிதத்துக்கும் பிளேட்டுக்கும் ஆன அடக்கவிலை மட்டும் வாங்குவோம், கூலி வேண்டாம். அவர் எழுதியதுதான், ஆனால் நாங்கள் ஒழுங்காகப் படித்திருந்தால் பிடித்திருப்போம் என்றால் பாதிப் பாதி. மனசு மாறிவிட்டது என்றால் முழு விலை. நடுவுநிலைமை அதிகாரத்தில் வள்ளுவர் வணிகனுக்குச் சொன்னதன் சாரம், அடுத்தவர் பொருளையும் தன் பொருள் போல் நினைத்து வியாபாரம் செய் என்பதுதானே. அப்பா அதை எங்கள் பாஷையில் சொல்வார்: “நம்ம வீட்டுப் பத்திரிகையா இருந்தா எத்தன தடவ படிப்ப? அத்தன தடவ படி.”

ஓகே வாங்கும் முறையும் மாறியது. இப்போது வெறும் கட்டைவிரலை நாங்கள் ஏற்பதில்லை. பெயர், தேதி, கிழமை, நேரம், இடம் இந்த ஐந்தையும் வாடிக்கையாளரே தன் கையால் எழுதி அனுப்ப வேண்டும். எந்த மொழியில் எழுதினாலும் சரி. தமிழ் படிக்கத் தெரியாது என்றால் போனில் கூப்பிட்டு முழுவதையும் வாசித்துக் காட்டுவேன். மெஷினுக்குப் பக்கத்துச் சுவரில் காலண்டர் தொங்குகிறது. எல்லாவற்றையும்விட முக்கியமானது ஒன்று. யார் கண்ணில் ஒரு சந்தேகம் பட்டாலும் மெஷினை நிறுத்தலாம். ஓகே வந்த பிறகும் நிறுத்தலாம், பாதி அடித்த பிறகும் நிறுத்தலாம். போன வருடம் அம்மா மடித்துக்கொண்டிருந்தபோது ஒரு கல்யாணக் கார்டில் மாப்பிள்ளையின் அப்பா பெயரும் பெண்ணின் அப்பா பெயரும் இடம் மாறியிருப்பதைப் பார்த்து நிறுத்தினார். நூறு கார்டு வீண். அப்பா ஒரு வார்த்தை சொல்லவில்லை.

இதே தொழிலில் இருக்கிற நண்பன் ஒருவன் என்னைக் கேலி செய்தான். “இப்படியே போனா கடைய மூடிட்டுத் தண்ணீர்மலைக்குக் காவடி தூக்கத்தான் போகணும் மச்சான்” என்றான். அவன் பயம் பொய்யில்லை. காகித விலை ஏறுகிறது, கல்யாணப் பத்திரிகை கைப்பேசிக்குள் போய்விட்டது. நூறு கார்டு வீணானால் எங்களுக்கு வலிக்கும். சட்டம் கூடச் சும்மா இல்லை என்று அவனிடம் சொன்னேன். 1999ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம், சேவை செய்கிறவர் நியாயமான கவனத்தோடும் திறமையோடும் செய்ய வேண்டும் என்கிறது. சட்டம் கொடுத்த உரிமையை பில்லில் ஒரு வரி போட்டு அழித்துவிடவும் முடியாது. ஆனால் உள்ளதைச் சொன்னால், நாங்கள் மாறியது சட்டத்துக்குப் பயந்து இல்லை. என் விஷயத்தில் எந்தத் தீர்ப்பாயமும் என்னைப் பிடித்திருக்க முடியாது. நான் பார்த்தேன் என்பதற்குச் சாட்சி நான் மட்டும்தான். அந்த ஒரு சாட்சியோடுதான் நான் தினமும் படுத்து எழ வேண்டியிருக்கிறது.

அந்தக் குடும்பம் திரும்ப எங்கள் கடைக்கு வந்ததா என்று நீங்கள் கேட்கலாம். வரவில்லை. நேர்மையாக இருந்தால் வியாபாரம் பெருகும் என்று மேடையில் சொல்வார்கள். எல்லாச் சமயமும் அப்படி நடப்பதில்லை. நான் ஒரு முறை வருத்தத்தோடு அப்பாவிடம் இதைச் சொன்னபோது, “திரும்ப வரணும்னு நினைச்சு உண்மையச் சொன்னா, அதுக்குப் பேரு விளம்பரம்டா” என்றார்.

இளைஞர்களே, உங்களில் அச்சகம் வைத்திருப்பவர் எத்தனை பேர் இருக்கப் போகிறீர்கள்! ஆனால் ஓகே சொல்லாதவர் யாரும் இல்லை. கோயில் கமிட்டி நோட்டீஸை ‘தம்பி, ஒரு தடவ பாரு’ என்று உங்களுக்குத்தான் அனுப்புகிறார்கள். இயக்கத்தின் கூட்டக் குறிப்பைப் படிக்காமலேயே நாம் கை தூக்கி நிறைவேற்றுகிறோம். கல்லூரியில் நண்பன் செய்த பாகத்தைத் திறந்துகூடப் பார்க்காமல் நம் பெயரைச் சேர்த்து அனுப்புகிறோம். ஒவ்வொரு ஓகேக்குப் பின்னாலும், அதை நம்பிக் கிளம்பி வரப்போகிற ஒருவர் இருக்கிறார். அவர் நம்மைப் பார்த்திருக்க மாட்டார். நாமும் அவரைப் பார்த்திருக்க மாட்டோம்.

ஆகவே இரண்டு பக்கமும் ஒரு வேண்டுகோள். ஓகே கேட்கிறவராக இருந்தால், உங்களுக்குத் தெரிந்த தப்பை முதலில் நீங்களே சொல்லிவிட்டு அப்புறம் கேளுங்கள். ஓகே சொல்கிறவராக இருந்தால், படித்துவிட்டுச் சொல்லுங்கள். படிக்கத் தெரியவில்லை என்றால், ‘எனக்குத் தமிழ் படிக்கத் தெரியாது, வாசிச்சுக் காட்டுங்க’ என்று கேளுங்கள். அதில் வெட்கம் ஒன்றுமில்லை. எங்கள் கடைக்கு வந்து கேட்டாலும் நான் வாசித்துக் காட்டுவேன். கூடவே சுவரில் இருக்கும் காலண்டரையும் ஒரு தடவை பார்த்துக்கொள்வேன்.